கடைசி வரை மாணவராக இருந்த ராண்டி ரோட்ஸ்



மறைந்த பிரபலம் ஒருவரைப் பற்றி ஒவ்வொரு இதழிலும் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். விஞ்ஞானிகள், டாக்டர்கள், விளையாட்டு வீரர்கள் என்றே எழுதிக்கொண்டிருந்தவன், இந்த முறை ஹெவி மெட்டல் கிடார் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதுவதைப் பார்த்து உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் வந்த புகார் உங்களுக்கு நினைவிருக்கும். நம் குடியிருப்பில் கல்லூரி முதல் வருடம் படிக்கும் பையன் ஒருவன் சாயங்கால வேளைகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறான், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் தலைவலி வருகிறது என்பது புகார். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். வீட்டில் போய்ப் பக்குவமாகப் பேசிவிட்டு வரச் சொல்லிக் கமிட்டி என்னையே அனுப்பியது.

போனேன். பையனின் அறைச் சுவரில் ஒரு படம். மெலிந்த தேகம், தோள் வரை பொன்னிறத் தலைமுடி, கையில் வெள்ளைப் புள்ளிகள் போட்ட கறுப்பு நிறக் கிடார். யாரப்பா இவர் என்று கேட்டேன். ராண்டி ரோட்ஸ் என்றான். அவரைப் பற்றி அவன் சொன்ன முதல் தகவல், அவருடைய அம்மா ஒரு பாட்டு டீச்சர் என்பதுதான். நான் பேசப் போன விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன், கேட்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ராண்டி ரோட்ஸ் 1956 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான்டா மோனிகா என்ற ஊரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா, அம்மா இருவருமே இசை ஆசிரியர்கள். ராண்டிக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பாத நிலையில் அப்பா குடும்பத்தை விட்டுப் பிரிந்து போய்விட்டார். மூன்று பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு அம்மா டெலோரஸ் மீது விழுந்தது.

டெலோரஸ் பல்கலைக்கழகத்தில் முறையாக இசை படித்தவர். வடக்கு ஹாலிவுட்டில் மூசோனியா என்ற பெயரில் அவர் நடத்திய இசைப் பள்ளியின் வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது. வசதி குறைவு. பாட்டுக் கேட்க ஸ்டீரியோ பெட்டிகூட வீட்டில் கிடையாது. பொழுதுபோக வேண்டுமென்றால் பிள்ளைகள் தாங்களே எதையாவது வாசித்துப் பாடிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு விதத்தில் அதுவே நல்லதாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ராண்டி ஆறு, ஏழு வயதில் தாத்தாவின் பழைய கிடாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். கிடார் கற்றுக்கொள், ஆனால் இசைக் குறிப்புகளைப் படிக்கத் தெரிய வேண்டும், அதற்குப் பியானோவும் படிக்க வேண்டும் என்றார். இந்த அஸ்திவாரம் பின்னால் எவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்கியது என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள். எலெக்ட்ரிக் கிடார் மீது ஆசை வந்தபோது, அதே பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியரிடம் பையனை ஒப்படைத்தார். கொஞ்ச காலத்தில் அந்த ஆசிரியர் டெலோரஸிடம் வந்து, தனக்குத் தெரிந்தது அத்தனையும் பையனுக்கு வந்துவிட்டது, இனிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

1971ல் ஆலிஸ் கூப்பர் என்ற ராக் பாடகரின் மேடை நிகழ்ச்சியை ராண்டி நேரில் பார்த்தார். அப்போது வயது 14. தன் வாழ்க்கை இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பர்பாங்க் ஊரில் உடன் படித்த கெல்லி கார்னி என்ற நண்பனுக்கு பேஸ் கிடார் வாசிக்க ராண்டியே கற்றுக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து குழு அமைத்தார்கள். பிறகு பாடகர் கெவின் டுப்ரோவும் டிரம்ஸ் வாசிக்கும் ட்ரூ ஃபோர்சைத்தும் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் குவயட் ரயட். அமைதியான கலவரம் என்று பொருள். ராண்டியின் சுபாவத்துக்கும் அவர் வாசித்த இசைக்கும் உள்ள முரணை நினைத்தால் பொருத்தமான பெயர்தான்.

இங்கே கொஞ்சம் நின்று, ஹெவி மெட்டல் என்றால் என்ன என்று என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் பிளாக் சப்பாத் என்ற குழு உருவானது. அதன் கிடார் கலைஞர் டோனி அயோமி, தகடு வெட்டும் தொழிற்சாலை வேலையில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, தந்திகளைத் தளர்த்திக் கட்டி வாசித்தார். அதில் பிறந்த கனமான, இருண்ட ஒலியிலிருந்துதான் ஹெவி மெட்டல் வளர்ந்தது. அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவயட் ரயட் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப்புகளில் பெயர் வாங்கியது. அதே கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த வான் ஹேலன் குழுவுக்குப் பெரிய இசைத்தட்டு நிறுவனம் கிடைத்துவிட்டது. குவயட் ரயட்டுக்கு அமெரிக்காவில் எந்த நிறுவனமும் கதவைத் திறக்கவில்லை. 1978ல் வெளிவந்த அவர்களுடைய இரண்டு ஆல்பங்களும் ஜப்பானில் மட்டும்தான் விற்பனைக்கு வந்தன. சொந்த ஊர்க் கடையில் தன் இசைத்தட்டு கிடைக்காத கலைஞர்!

இந்தக் காலம் முழுவதும் ராண்டி என்ன செய்தார் தெரியுமா? ராத்திரியில் கிளப்பில் வாசித்தார். பகலில் அம்மாவின் பள்ளியில் கிடார் வாத்தியாராக வேலை பார்த்தார். சின்னப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, அதைச் சொல்லிக்கொடுங்கள் என்பார்கள். ராண்டி அதைக் கேட்டு, பிரித்து, புரிந்துகொண்டு சொல்லிக்கொடுப்பார். தன்னுடைய சொந்தப் பாணி உருவானதே இப்படிச் சொல்லிக்கொடுத்ததால்தான் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வங்கியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு லெட்ஜர் வேலையைச் சொல்லிக்கொடுத்த காலத்தில் நானும் இதை உணர்ந்திருக்கிறேன். அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நமக்கு எது சரியாகத் தெரியவில்லை என்பது தெரியும்.

1979ல் திருப்பம் வந்தது. குடிப்பழக்கமும் போதைப் பழக்கமும் முற்றிப்போன நிலையில், பிளாக் சப்பாத் குழு ஆஸி ஆஸ்போர்னை வெளியேற்றியது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த அவர் புதுக் குழுவுக்குக் கிடார் கலைஞரைத் தேடிக்கொண்டிருந்தார். டானா ஸ்ட்ரம் என்ற இசைக்கலைஞர் ராண்டியை வற்புறுத்தி அனுப்பி வைத்தார். ராண்டிக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். விரல்களைப் பழக்கிக்கொள்வதற்காகச் சும்மா சில பயிற்சிகளை வாசித்தார். சோதனை வாசிப்பு இனிமேல்தான் தொடங்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆஸி வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு கடைசியில் ராண்டி இங்கிலாந்து போனார். அங்கே பேஸ் கிடாருக்கு பாப் டெய்ஸ்லி, டிரம்ஸுக்கு லீ கெர்ஸ்லேக் என்று அனுபவசாலிகள் சேர்ந்தார்கள். 1980ல் சர்ரே மாவட்டத்தில் ரிட்ஜ் ஃபார்ம் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் பிளிசார்ட் ஆஃப் ஆஸ் என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் மட்டும் அது 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முடிந்துபோனவர் என்று கருதப்பட்ட ஆஸிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

ராண்டி அப்படி என்ன புதிதாகச் செய்தார்? சிறு வயதில் படித்த சாஸ்திரீய இசையை இந்த முரட்டு இசைக்குள் கொண்டுவந்தார். க்ரேஸி ட்ரெயின், மிஸ்டர் க்ரௌலி என்ற இரண்டு பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் கிடார் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதிகளில், ஸ்வரங்கள் படிப்படியாக ஏறி இறங்கி, ஓர் ஒழுங்கில் போய் முடியும். மனம் போன போக்கில் வாசித்தது அல்ல, முன்கூட்டியே யோசித்துக் கட்டியது. அதோடு விடவில்லை. அந்தத் தனி வாசிப்பைப் பதிவு செய்த பிறகு, அச்சு அசலாக அதையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசித்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ப்பார். ஒரு ஸ்வரம் இம்மி பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை சாதகம் இருந்தால் இது கைகூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஆல்பத்தில், காதைப் பிளக்கும் பாட்டுகளுக்கு நடுவே, ஒரு நிமிடம்கூட நீடிக்காத சின்ன வாசிப்பு ஒன்று இருக்கிறது. டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை, மின்சாரம்கூட இல்லை. சாஸ்திரீயக் கிடார் மட்டும். அதன் பெயர் டீ. அம்மா டெலோரஸின் செல்லப் பெயர் அது. ஹெவி மெட்டல் பிடிக்காதவர்களும் இதைக் கேட்கலாம். என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது.

1981ல் அடுத்த ஆல்பம் டயரி ஆஃப் எ மேட்மேன் வந்தது. அதன் தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில், கியூபா நாட்டு இசையமைப்பாளர் லியோ ப்ரௌவர் கிடார் மாணவர்களுக்காக எழுதிய பயிற்சிப் பாடம் ஒன்றின் சாயல் தெரிகிறது. பாடப் புத்தகத்தை ராண்டி அப்போதும் மூடி வைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதே காலத்தில் குரோவர் ஜாக்சன் என்ற கிடார் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து, அம்பு முனை போன்ற வடிவத்தில் ஒரு கிடாரை வடிவமைத்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் விற்பனையாகிறது. அந்த ஆண்டு கிடார் ப்ளேயர் பத்திரிகை அவரைச் சிறந்த புதுமுகமாகத் தேர்ந்தெடுத்தது.

பணமும் புகழும் இப்படி வந்து குவியும்போது 24 வயதுப் பையன் என்ன செய்வான்? அந்த உலகத்தில் மற்றவர்கள் செய்ததை விவரிக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். ராண்டி புதிய ஊருக்குப் போய் இறங்கியதும் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவார். அந்த ஊரில் சாஸ்திரீயக் கிடார் சொல்லித்தரும் வாத்தியார் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார். இருந்தால் பணம் கட்டி ஒரு வகுப்பு பாடம் கேட்டுவிட்டு வருவார். இரவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வாசிக்கப் போகிறவர், பகலில் முன்பின் தெரியாத வாத்தியார் எதிரில் மாணவராக உட்கார்ந்திருப்பார்.

1982 தொடக்கத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஒப்பந்தப்படி பாக்கி இருப்பதை முடித்துக் கொடுத்துவிட்டு, குழுவை விட்டு விலகி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சாஸ்திரீயக் கிடாரில் பட்டம் வாங்க வேண்டும். இதை ஆஸியிடமும் சொல்லிவிட்டார். ஓடும் குதிரையிலிருந்து யாராவது இறங்குவார்களா என்று ஆஸியால் நம்பவே முடியவில்லை. ஆனால் ராண்டி விளையாட்டாகச் சொல்லவில்லை.

1982 மார்ச் 18 இரவு டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் கச்சேரி. அது முடிந்து குழுவினர் பஸ்ஸில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகருக்குக் கிளம்பினார்கள். வழியில் லீஸ்பர்க் என்ற ஊரில், பஸ் கம்பெனிக்குச் சொந்தமான இடத்தில் காலையில் நிறுத்தினார்கள். பக்கத்திலேயே சின்ன விமான ஓடுதளம் இருந்தது. பஸ் ஓட்டுநர் விமானம் ஓட்டவும் தெரிந்தவர். அங்கே நின்றிருந்த ஒற்றை எஞ்சின் விமானத்தை, உரிமையாளரிடம் கேட்காமலே எடுத்தார். முதலில் குழுவினர் இருவரை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாகத் திரும்பினார். அடுத்த சுற்றுக்கு ராண்டியும், குழுவில் ஒப்பனை, தையல் வேலைகளைக் கவனித்து வந்த ரேச்சல் யங்ப்ளட் என்ற 58 வயது அம்மையாரும் ஏறினார்கள். ராண்டிக்கு விமானம் என்றாலே பயம். அந்த அம்மையாருக்கு இருதயக் கோளாறு. அவரை வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் ஓட்டுவார் என்று நம்பி ஏறியிருக்கிறார்கள்.

ஓட்டுநர் நிதானமாக ஓட்டவில்லை. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் உரசுவது போல் தாழப் பறந்து விளையாட்டுக் காட்டினார். கடைசி முறை இறக்கை பஸ்ஸில் தட்டியது. விமானம் பக்கத்து வீட்டின் கார் ஷெட்டில் மோதித் தீப்பிடித்தது. மூன்று பேரும் அங்கேயே உயிரிழந்தார்கள். ராண்டிக்கு வயது 25.

விசாரணையில் தெரிய வந்ததைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. விமானம் ஓட்டுபவரிடம் இருக்க வேண்டிய மருத்துவத் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அவர் உடலில் கொக்கேய்ன் போதைப்பொருள் இருந்தது. ராண்டியின் உடலில் சிகரெட்டின் நிக்கோட்டினைத் தவிர வேறு எதுவும் இல்லை. காலம் முழுக்கக் காசோலையில் தேதியும் கையெழுத்தும் சரிபார்த்தே பென்ஷன் வாங்கியவன் நான். ஒரு தேதிக்காக ஏன் சார் இவ்வளவு கெடுபிடி என்று கவுண்டரில் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தேதியும் ஓர் அனுமதியும் பார்க்கப்படாமல் போனதால் மூன்று உயிர்கள் போயின. படிக்கப் போகிறேன் என்று சொன்ன ஒரு பையன் போய்ச் சேரவே இல்லை.

கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ நகரில் ராண்டியை அடக்கம் செய்தார்கள். அவர் தொடங்கிய குவயட் ரயட் குழு, அவர் மறைந்த அடுத்த ஆண்டு மெட்டல் ஹெல்த் என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஒரு காலத்தில் அமெரிக்கக் கடைகளில் கிடைக்காத அந்தக் குழுவின் ஆல்பம், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் ஒரு பாட்டை ராண்டிக்குச் சமர்ப்பித்திருந்தார்கள். 2021ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு இசைத் திறனுக்கான தனி விருது கொடுத்து அவரைக் கௌரவித்தது.

அம்மா டெலோரஸ் பள்ளியை மூடவில்லை. மகன் போன பிறகும் பல ஆண்டுகள் மூசோனியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. தேடி வந்த ராண்டியின் ரசிகர்களை அன்போடு வரவேற்றார். 2015ல், 95 வயதில் காலமானார்.

நண்பர்களே, இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

1987ல் ராண்டியின் நினைவாக ட்ரிபியூட் என்ற ஆல்பம் வெளிவந்தது. பெரும்பாலும் மேடைக் கச்சேரிகளின் பதிவுகள். ஆனால் கடைசியில் வேறொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவுக்காக வாசித்த டீ என்ற அந்தச் சின்ன வாசிப்பைப் பதிவு செய்தபோது, சரியாக வராமல் ஒதுக்கி வைத்த முயற்சிகள். ராண்டி வாசிக்கிறார், ஓரிடத்தில் பிசகுகிறது, நிறுத்துகிறார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மறுபடி நிறுத்துகிறார். மறுபடி ஆரம்பிக்கிறார். ஒரு நிமிடம்கூட இல்லாத வாசிப்புக்கு இந்தப் பாடு.

பையன் தன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி இதைக் கேட்க வைத்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாம் எழுதிக் கொடுத்த புகாரும் இதேதான். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான் என்பதுதான். அது தொந்தரவு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும், உடம்பு சரியில்லாத பெரியவர்களும் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வாசிக்காமல் யாருக்கும் எதுவும் கைக்கு வராது. டெலோரஸ் அம்மா தன் வீட்டில் அந்தச் சத்தத்தை எத்தனை வருடம் கேட்டிருப்பார்!

ஆகவே அந்தப் புகாரிலிருந்து என் கையெழுத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனையும் வைக்கப் போகிறேன். நம் சங்கக் கூடம் வார நாட்களில் சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை காலியாகத்தான் இருக்கிறது. கிடாரோ, மிருதங்கமோ, வயலினோ, எது கற்றுக்கொள்ளும் பிள்ளைகளாக இருந்தாலும் முறை வைத்து அங்கே வாசித்துப் பழகட்டும். 7 மணிக்கு மேல் வீட்டில் வாசிப்பதாக இருந்தால், ஆம்ப்ளிஃபயரில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள வசதி இருக்கிறது. வெளியே சத்தம் வராது. பையன் இதற்கு ஒத்துக்கொண்டுவிட்டான். பட்டப் படிப்பை முடித்துவிட வேண்டும் என்று அவனிடம் நானும் ஒரு நிபந்தனை போட்டேன். ராண்டியே பட்டம் வாங்கத்தானே ஆசைப்பட்டார் என்று நினைவூட்டினேன். பையன் சிரித்தான்.

கூட்டத்தில் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் உங்கள் விருப்பம். அதற்கு முன்னால், ஒரு நிமிடம்கூட ஆகாத அந்த வாசிப்பை ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.